மாற்றிய மூட்டை மீண்டும் மாற்றும்போது

(நம் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலய மேடையில் பேச அழைப்பு வந்தால் சமயம் பற்றியே பேச வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். ஆனால் செயலாளர் அவர்கள், "உங்கள் அம்மாவின் முழங்கால் கதையைச் சொல்லுங்கள், இங்கே பாதிப் பேருக்கு அதே கதைதான்" என்று கேட்டுக்கொண்டார். நான் மருத்துவன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு மலாய்மொழிப் பள்ளிக்குச் சென்று, இன்று அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும், என் தாயாரையும் என் அத்தையையும் முழங்கால் அறுவைக்காக இதுவரை ஐந்து முறை அறுவைக்கூடத்தின் வாசல் வரை கொண்டுபோய் விட்டவன். அந்த ஐந்தில் மூன்று, முன்பு செய்ததைத் திரும்பச் செய்த அறுவைகள். அந்த அனுபவத்தோடு, நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடமே கேட்டுப் பெறுங்கள்.

நம் முழங்கால்கள்

பெரியோர்களே, கெலாங் பாத்தாவைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும்தான். இரண்டாம் இணைப்புப் பாலம் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு நெடுஞ்சாலையும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் பெருகின. தோட்டங்கள் குறைந்தன. ஆனால் அத்தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டி, மேடு பள்ளங்களில் வாளி சுமந்து நடந்த கால்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இன்று அவை வலிக்கின்றன.

2007ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மலேசிய ஆய்வில், மூட்டு வலி என்று கூறியவர்களின் முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைப் பற்றியதாகவே இருந்தது. தொடையெலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவதே இவ்வலிக்குப் பெரும்பாலும் காரணம். உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசைகளுக்குப் பயிற்சி, மாத்திரை, ஊசி ஆகியவற்றால் பலர் பல ஆண்டுகள் சமாளிக்கிறார்கள். அவையும் பயனளிக்காதபோதுதான் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிய பேச்சு எழுகிறது.

மூட்டு மாற்றின் கதை

செயற்கை முழங்கால் நேற்று வந்ததன்று. 1890ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரில் தெமிஸ்தோகிளிஸ் குளுக் என்ற மருத்துவர் தந்தத்தால் செய்த கீல் மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமித் தொற்றால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கனடா நாட்டு மருத்துவர் பிராங்க் கன்ஸ்டன், உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் சிமெண்டால் எலும்போடு ஒட்டும் முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயார்க் நகரில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய வடிவமே இன்றைய முழு மூட்டு மாற்றுக்குத் தாய் எனலாம். அவர்களுள் ரணாவத் இந்தியாவில் பிறந்தவர். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியவர் அவரே. முதல் அறுவையின்போது வாஜ்பாய்க்கு வயது எழுபத்தைந்து. நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் "செயற்கை முழங்கால்" என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்டது அந்தச் செய்தி வழியாகத்தான்.

முழங்காலை மூன்று அறைகள் கொண்ட வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். உட்புறம் ஓர் அறை, வெளிப்புறம் ஓர் அறை, முன்புறத்தில் சில்லுக்குப் பின்னே ஓர் அறை. மூட்டு முழுவதையும் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் புதுப்பிப்பது முழு மாற்று. தேய்ந்த ஓர் அறையை மட்டும் புதுப்பித்து, மற்ற அறைகளையும் இணைப்பு நார்களையும் அப்படியே விட்டுவைப்பது பகுதி மாற்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் மருத்துவர் ஜான் குட்ஃபெல்லோவும் பொறியாளர் ஜான் ஓகானரும் உருவாக்கிய கருவி, 1982 முதல் உட்புற அறைக்கு மட்டும் பொருத்தப்பட்டுப் புகழ்பெற்றது. என் தாயாருக்கும் இத்தகைய பகுதி மாற்றைத்தான் செய்தார்கள்.

அம்மாவின் முழங்கால்

2011ஆம் ஆண்டு, அம்மாவுக்கு அறுபது வயது. உட்புறம் மட்டுமே தேய்ந்திருக்கிறது, பகுதி மாற்றுப் போதும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கூறினார்கள். சிறிய வெட்டு, விரைவில் வீடு திரும்பலாம் என்றார்கள். "பின்னாளில் தேய்ந்துவிட்டால்?" என்று நான் கேட்டேன். "அதற்கென்ன, அப்போது முழு மூட்டாக மாற்றிவிடலாம், புதிதாகச் செய்வது போலத்தான்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் கையெழுத்திட்டேன்.

முதல் ஏழு ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா படி ஏறினார், சந்தைக்குப் போனார், இதே ஆலயத்தில் பால்குடம் எடுத்தார். 2018இல் முழங்காலின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. நாங்கள் விட்டுவைத்த அந்த இன்னோர் அறை தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியது. பகுதி மாற்றுச் செய்தவர்களுக்கு மறு அறுவை நேரும் முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. பொருத்திய பாகம் எலும்பிலிருந்து தளர்வதும், நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டு இடம் பெயர்வதும் வேறு காரணங்கள்.

2019இன் தொடக்கத்தில் வேறொரு மருத்துவமனையில் முழு மூட்டாக மாற்றினார்கள். அங்கே அறுவை மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி, "முன்பு பொருத்தியது எந்த நிறுவனத்தின் கருவி, என்ன அளவு?" என்பதே. எங்களிடம் பதில் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கையில் கொடுத்தது பணம் கட்டிய ரசீது மட்டுமே. கோப்பைத் தேடி எடுத்துக்கொடுக்க முதல் மருத்துவமனைக்குப் பல வாரங்கள் ஆயின. பழைய கருவியின் விவரம் தெரிந்தால்தான் அதைக் கழற்றுவதற்கு ஏற்ற ஆயுதங்களையும், தேவையான மாற்றுப் பாகங்களையும் முன்கூட்டியே தருவித்து வைக்க முடியும். நாள் முழுதும் கோப்பு பார்க்கும் நான், என் தாயாரின் கோப்பைக் கேட்டு வாங்கத் தவறிவிட்டேன்.

அறுவை நல்லபடியாகவே முடிந்தது. பழைய பாகத்தை எடுத்தபோது எலும்பில் ஏற்பட்ட குழியை ஈடுசெய்ய, கீழ்க்கால் எலும்பின் உட்குழியில் இறங்கும் நீண்ட தண்டு ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. வெளிப்புற வலி போய்விட்டது. ஆனால் அதே ஆண்டில் முதல் முறையாக முழு மூட்டு மாற்றுச் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அம்மையார் ஆறு மாதத்தில் நடந்த நடையை, என் தாயார் ஓர் ஆண்டு கழிந்தும் நடக்கவில்லை. காலை மடக்கும் அளவும் குறைந்தது. "புதிதாகச் செய்வது போலத்தான்" என்று சொன்னார்களே, ஏன் இப்படி என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பதிவேடுகள் தரும் விடை

அன்பர்களே, சில நாடுகளில் ஒவ்வொரு செயற்கை மூட்டுக்கும் ஒரு பதிவு உண்டு. எவருக்கு, எந்த ஆண்டில், எந்தக் கருவி, அது எப்போது மாற்றப்பட்டது என்று தொடர்ந்து எழுதி வருகிறார்கள். சுவீடன் 1975இல் முழங்காலுக்கு இத்தகைய பதிவேட்டைத் தொடங்கியது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளும் பின்னர் தொடங்கின. என் கேள்விக்கான விடை நியூசிலாந்துப் பதிவேட்டிலிருந்து எழுதப்பட்டு 2010இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கிடைத்தது.

அந்நாட்டில் அறுவை செய்துகொண்டோருக்கு ஆறு மாதம் கழித்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை அனுப்புகிறார்கள். வலி எப்படி, படி இறங்க முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா என்பன போன்ற கேள்விகள். முழு மதிப்பெண் 48. 1999 முதல் 2008 வரை செய்யப்பட்ட 4,284 பகுதி மாற்றுகளில் 236 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அவர்களுள் 205 பேருக்கு முழு மூட்டாக மாற்றினார்கள். முதல் முறையாக முழு மாற்றுச் செய்துகொண்டவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 37. பகுதியிலிருந்து முழுமைக்கு மாறியவர்களின் சராசரி 30. முழு மூட்டு பழுதாகி மறு அறுவை செய்துகொண்டவர்களைவிட இவர்கள் மேலான நிலையில் இருக்கவில்லை. மாற்றிய பிறகு அம்மூட்டு மீண்டும் மாற்றப்பட்ட விகிதமோ, முதல் முறை முழு மாற்றைவிட நான்கு மடங்கு. ஆகவே, அது "புதிதாகச் செய்வது போல" அன்று. எனக்கு அன்று சொல்லப்பட்ட வாக்கியம் தவறானது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் பகுதி மாற்றே வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கோபப்பட்டேன். மேலும் படித்தபோதுதான் மறுபக்கம் புரிந்தது.

அதே நியூசிலாந்துப் பதிவேட்டை ஆக்ஸ்போர்டுக் குழுவினர் வேறு விதமாக ஆராய்ந்தார்கள். அறுவைக்குப் பின் 20க்கும் குறைவான மதிப்பெண், அதாவது மிகவும் மோசமான நிலை என்று கூறியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பகுதி மாற்றுக்காரர்களில் 63 விழுக்காட்டினருக்கு மறு அறுவை செய்யப்பட்டிருந்தது. முழு மாற்றுக்காரர்களில் 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஒரே அளவு துன்பம். ஆனால் பகுதி மூட்டை மாற்றுவது எளிது என்று கருதப்படுவதால் மருத்துவர் விரைந்து மாற்றிவிடுகிறார். முழு மூட்டை மாற்றுவது கடினம் என்பதால், "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். மறு அறுவைக் கணக்கு, வலியோடு வாழ்பவர்கள் எல்லாரையும் காட்டிவிடுவதில்லை.

இங்கிலாந்துப் பதிவேட்டைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வும் இரு பக்கத்தையும் காட்டுகிறது. எட்டு ஆண்டுகளில் பகுதி மாற்றுக்கு மறு அறுவை நேரும் வாய்ப்பு முழு மாற்றைப் போல் இருமடங்கு. ஆனால் அறுவையை ஒட்டிய இறப்பும், பெரிய சிக்கல்களும், மருத்துவமனையில் தங்கும் நாட்களும் பகுதி மாற்றில் குறைவு. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டுக்கும் தகுதியான 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து நான் கற்றது, பகுதி மாற்று நல்ல சிகிச்சைதான். ஆனால் தகுந்த முழங்காலுக்கு, அதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவர் கையால் செய்யப்பட வேண்டும் என்பதாகும். ஆண்டில் ஒன்றிரண்டு மட்டும் செய்பவர்களிடம் பகுதி மாற்றுகள் பழுதாவது அதிகம் என்பதையும் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன.

எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

"போட்ட மூட்டு எத்தனை வருடம் வரும்?" என்று எல்லாரும் கேட்கிறோம். பல நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2019இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வந்த கணக்குப்படி, முழு மாற்றுகளில் நூற்றுக்கு 82உம், பகுதி மாற்றுகளில் நூற்றுக்கு 70உம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கின்றன.

ஆனால் வயதைப் பொறுத்து இக்கணக்கு மாறும். 2017இல் அதே ஏட்டில் வந்த ஆய்வின்படி, எழுபது வயதைக் கடந்து முழு மாற்றுச் செய்துகொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஐம்பது வயதைத் தாண்டிய உடனே செய்துகொள்ளும் ஆணுக்கோ அது நூற்றுக்கு 35. அதே வயதுப் பெண்ணுக்கு 20. வயது குறைந்தவர் கூடுதலாக நடக்கிறார், கூடுதலாக வேலை செய்கிறார், கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார். என் வயதையொத்த நண்பர்கள், "வலி தாங்கவில்லை, இப்போதே மாற்றிவிடலாமா?" என்று கேட்கும்போது இந்த எண்களைத்தான் சொல்கிறேன். வலி மிகுந்தால் செய்துகொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது அறுவையும் வரக்கூடும் என்று தெரிந்தே செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை மாற்றிய மூட்டு எவ்வளவு காலம் நிற்கும்? இங்கிலாந்துப் பதிவேட்டில் 33,000க்கும் மேற்பட்ட மறு அறுவைகளை ஆராய்ந்து 2021இல் எழுதினார்கள். முதல் மறு அறுவை செய்துகொண்டவர்களில் ஐவரில் ஒருவருக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் மாற்ற வேண்டிவந்தது. இரண்டாவது மறு அறுவையில் அதே ஐவரில் ஒருவர் என்ற நிலை ஐந்து ஆண்டுகளில் வந்துவிட்டது. மூன்றாவதில் மூன்றே ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் எலும்பு குறைகிறது, தசை நலிகிறது, தழும்பு தடிக்கிறது. இந்தக் காரணத்தினால்தான், முதல் மறு அறுவையைச் சரியான காரணத்துக்காக, சரியான நேரத்தில், சரியான இடத்தில் செய்துகொள்ளுங்கள் என்று வலியுறுத்துகிறேன்.

அத்தையின் முழங்கால்

இனி நான் சொல்லப்போவது என் தவறு. இதைச் சொல்வதற்காகவே இந்த மேடைக்கு வரச் சம்மதித்தேன்.

என் அத்தைக்கு 2014இல் ஒரு முழங்காலில் முழு மாற்றுச் செய்தோம். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. எட்டு ஆண்டுகள் எவ்வித வலியும் இல்லை. 2022ஆம் ஆண்டு திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன், அவர் குதிகாலில் ஒரு வெடிப்பு. வெறுங்காலோடு ஆலய வேலைகளைச் செய்துகொண்டிருந்ததால் அது புண்ணாகிவிட்டது. பிறகு காய்ச்சல் வந்தது. மாற்றிய முழங்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. நான் மருத்துவமனைக்கு அழைத்தேன். "திருவிழா முடியட்டும்யா, அப்புறம் போவோம். அம்மாவுக்கு மாவிளக்குப் போடணும்" என்றார். நானும் சரி என்றேன். வீட்டில் மிச்சமிருந்த கிருமிக்கொல்லி மாத்திரையைச் சாப்பிடக் கொடுத்தேன். வீக்கம் சற்றே குறைந்தது போல் இருந்தது. திருவிழா முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது, முழங்கால் சூடேறி நான்கு வாரங்கள் ஆகியிருந்தன.

காலில் இருந்த கிருமி இரத்தத்தின் வழியே சென்று செயற்கை மூட்டில் குடியேறிவிட்டது. மூட்டு மாற்றுச் செய்தவர்களில் நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு இத்தகைய தொற்று நேரக்கூடும். தொடக்க நாட்களிலேயே சென்றால், மூட்டைத் திறந்து நன்றாகக் கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, உலோகப் பாகங்களைக் காப்பாற்ற முயலலாம். நாட்கள் கடந்தால் கிருமிகள் உலோகத்தின் மேல் படலம் போல் ஒட்டிக்கொள்கின்றன. அப்படலத்தை மருந்தால் கரைப்பது அரிது. மேலும், நான் கொடுத்த மாத்திரையால் ஊசி மூலம் எடுத்த மூட்டு நீரில் கிருமி உடனே வளரவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டறியவே காலதாமதமாயிற்று.

அத்தைக்கு இரண்டு கட்டமாக அறுவை நடந்தது. முதலில் பழைய மூட்டு முழுவதையும் எடுத்துவிட்டு, கிருமிக்கொல்லி கலந்த சிமெண்டுத் துண்டை இடைவெளியில் வைத்தார்கள். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று மாதங்கள் கழித்து, கிருமி இல்லை என்று உறுதிசெய்த பிறகே புதிய மூட்டைப் பொருத்தினார்கள். அம்மூன்று மாதங்களும் அத்தை கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே கழித்தார். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். கால் முன்பு போல் மடங்குவதில்லை. கிருமித் தொற்றுக்காகச் செய்யும் மறு அறுவையின் பலன், தேய்மானத்துக்காகவோ தளர்ச்சிக்காகவோ செய்வதைவிடப் பொதுவாகக் குறைவு என்று மருத்துவர் எங்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

அத்தை என்னை ஒரு நாளும் குறை கூறியதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அன்றே காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை அந்த மூட்டையே காப்பாற்றியிருக்கலாம். மாவிளக்கை அடுத்த ஆண்டும் ஏற்றியிருக்கலாம். அம்மன் காத்திருப்பாள், கிருமி காத்திருக்காது.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நம் நாட்டு இந்தியர்களுள் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம். நாமோ வெறுங்காலோடு ஆலயத்தை வலம் வருகிறோம். வெயிலில் சூடேறிய தரையில் நடக்கிறோம். மாற்று மூட்டும் நீரிழிவும் உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புண், சீழ், பல்லில் தொற்று எதையும் சிறிதென்று விடக்கூடாது. மாற்றிய முழங்கால் திடீரென்று சிவந்தாலோ, சூடானாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டு மாத்திரையைத் தொடாதீர்கள்.

காரணம் தெரியாத வலி

முழு மூட்டு மாற்றுச் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களுள் பலர், "மறுபடியும் திறந்து சரிசெய்யுங்கள்" என்று கேட்கிறார்கள். தளர்ச்சி, தேய்மானம், தொற்று, நிலையின்மை, எலும்பு முறிவு என்று தெளிவான காரணம் தெரிந்து மாற்றினால் பெரும்பாலோருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. காரணம் தெரியாமல், வலிக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றினால், பலருக்கு அவ்வலி அப்படியே இருக்கிறது.

என் அலுவலக நண்பர் ஒருவரின் தந்தையார் மாற்றிய முழங்கால் வலிக்கிறது என்று மறு அறுவைக்கு நாள் குறிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். வேறொரு மருத்துவர் அவரைப் படுக்கவைத்து இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்த்தார். வலியின் வேர் இடுப்பில் இருந்தது. இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் தோன்றும் வலி முழங்காலில் வந்து தெரிவதுண்டு. அவருடைய முழங்காலைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று.

கேட்க வேண்டியவை

தாய்மார்களே, மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நல்ல மருத்துவர் அதை விரும்பவே செய்வார்.

முதல் அறுவைக்கு முன்: என் முழங்காலில் எத்தனை அறைகள் தேய்ந்திருக்கின்றன? பகுதி மாற்றா, முழு மாற்றா, ஏன்? இவ்வகை அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? என் வயதில் மறு அறுவை வர எவ்வளவு வாய்ப்பு?

அறுவை முடிந்ததும்: கருவியின் பெயர், அளவு, எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறுவைக் குறிப்பையும் வாங்கிப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

மறு அறுவைக்கு முன்: இப்போதைய வலிக்குக் காரணம் என்ன? எந்தச் சோதனை அதைக் காட்டுகிறது? கிருமித் தொற்று இல்லை என்று இரத்தச் சோதனையாலும் மூட்டு நீர்ச் சோதனையாலும் உறுதிசெய்தீர்களா? எவ்வளவு மடக்க முடியும், எவ்வளவு நடக்க முடியும் என்று எதிர்பார்க்கலாம்? விடை தெளிவில்லை என்றால் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோர், அரசாங்க மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம். தகுதியுள்ளவர்களுக்கு எந்த உதவி கிடைக்கும் என்பதை அங்கே விளக்குவார்கள். பாரங்களை நிரப்பத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். அது என் தொழில்.

நிறைவாக

மறு அறுவைக்குப் பின் என் தாயாரும் அத்தையும் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. மறு அறுவை செய்துகொண்ட பலருக்கும் இதே நிலைதான். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் முடிந்தால் அதுவே பெரிய வெற்றி. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு மனம் உடைந்திருக்கமாட்டார். மறு அறுவைக்குப் பிறகு வந்த முதல் பூசைக்கு அவர் ஆலயத்துக்கு வரவே மறுத்தார். "எல்லாரும் கீழே உட்கார்ந்திருக்க, நான் மட்டும் எப்படி நாற்காலியில்?" என்றார். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர எனக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின.

ஆகையால் நிர்வாகக் குழுவினருக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. கால் கழுவும் இடத்திலும் வாசல் படிகளிலும் கைப்பிடி அமையுங்கள். மண்டபத்தின் முன்வரிசையில், ஓரமாக ஒதுக்காமல், பத்து நாற்காலிகள் நிரந்தரமாகப் போடுங்கள். விழுந்து வணங்க முடியாத பெரியவர்கள் நின்றபடியே கைகூப்பலாம் என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு விழாவிலும் சொல்லட்டும்.

இன்று என் தாயார் இரண்டாம் வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அத்தை அவர் அருகே ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தங்கள் முழங்கால்களைப் பற்றிப் பொதுமேடையில் பேச எனக்கு அனுமதி தந்த இருவருக்கும் நன்றி கூறுகிறேன். அவர்களுக்கு நேர்ந்தது உங்கள் இல்லத்தில் ஒருவருக்கேனும் நேராமல் தவிர்க்கப்பட்டால், நான் இங்கே நின்று பேசியதற்குப் பயன் கிடைத்துவிட்டது என்று எண்ணுவேன்.

அனைவரும் நலமோடு நடமாடி, அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் இதே மண்டபத்தில் சந்திக்க அன்னையின் திருவருள் துணை நிற்பதாக.